மின்னல் செய்யும் வேலையை மெஷின் செய்தால்? காற்றும் கரன்ட்டும் சேர்ந்த திரவ உரம்

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் திடீரென மூக்கைத் துளைக்கும் நெடி. கண் எரிச்சல், மூச்சுத்திணறல். மக்கள் வீடுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உர ஆலைக்காகக் கடலுக்கடியில் போடப்பட்ட குழாயில் அம்மோனியா கசிந்திருந்தது.

பக்கத்தில் இருக்கும் மீஞ்சூர் வயல்களுக்குப் போகும் யூரியா, டிஏபி எதை எடுத்தாலும், அதன் மூலப்பொருள் இதே அம்மோனியாதான்.

அம்மோனியாவே இல்லாமல் பயிருக்கு நைட்ரஜன் கொடுக்க முடியாதா? முடியும். மின்னல் அதைத்தான் செய்கிறது. "இடி மழை பெய்ஞ்சா பயிர் பச்சை பிடிக்கும்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கு. மின்னலின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, மழைநீரில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணுக்கு வருகின்றன. அளவு கொஞ்சம்தான்.

இதையே ஆலைக்குள் செய்து காட்டியவர்கள் நார்வேயின் பிர்க்லாண்ட், ஐடே. 1905-லேயே நோட்டோடன் நகரில் உற்பத்தி தொடங்கியது. ஆனால் கரன்ட்டை அது குடித்த குடிக்கு, பின்னால் வந்த ஹேபர்-போஷ் அம்மோனியா முறையோடு போட்டி போட முடியவில்லை.

இப்போது அதே நார்வேயில் 'என்2 அப்ளைட்' நிறுவனம் இதை மாட்டுச் சாணக் கரைசலுக்குக் கொண்டுவந்தது. சாணக் கரைசலில் பெரிய இழப்பு என்ன தெரியுமா? அந்த நாற்றம்தான்! நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகிறது. பிளாஸ்மா கருவியில் மின்சாரத்தால் காற்றைப் பிளந்து உருவாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கரைசலில் கலந்தால் அது புளிப்பாகிறது. அம்மோனியா அம்மோனியமாக மாறி உள்ளேயே தங்குகிறது. கூடவே புது நைட்ரேட்டும் சேர்கிறது. மீத்தேனும் குறைகிறது. இந்தியாவில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், பிளாஸ்மா செலுத்திய தண்ணீரைப் பட்டாணிச் செடிகளில் சோதித்திருக்கிறது.

உடனே டிரம்மில் ரெண்டு கம்பியை விட்டு கரன்ட் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஷாக் அபாயம் ஒருபக்கம். மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் உள்ளே புகுந்து பல கிணறுகள் உப்பாகிவிட்டன. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் வருவது குளோரின். பஞ்சகவ்யத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு கிலோ நைட்ரஜனுக்கு பிளாஸ்மா இன்னமும் பல மடங்கு அதிக ஆற்றல் கேட்கிறது என்பது. மீஞ்சூருக்குப் பக்கத்தில் கரன்ட் எங்கே தயாராகிறது? வல்லூர், வட சென்னை அனல்மின் நிலையங்களில், நிலக்கரியில். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு போச்சு என்று எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்கிறார்கள். அந்தக் கரன்ட்டில் உரம் தயாரித்தால், அம்மோனியா குழாய்க்குப் பதில் சாம்பல் குழாய்.

சோலாரில் ஓட்டினால் கணக்கு மாறும். வெயில் இருக்கும்போது ஓட்டலாம், இல்லாதபோது நிறுத்தலாம். ராட்சத அம்மோனியா ஆலையை அப்படி நினைத்த நேரத்தில் ஆன், ஆஃப் செய்ய முடியாது.