யானையின் தோல் எத்தனை சதுர மீட்டர்?

ஆண்டுக்கு இருமுறை திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது முன்னே யானை நடக்கும். கோட்டைக்கு அருகிலேயே இருக்கும் ஸ்ரீவராகம் பகுதிக்காரர்களுக்கு அது பழகிய காட்சி. யானையின் உயரத்தைப் பேசுவோம், கொம்பழகைப் பேசுவோம். தோலின் பரப்பளவைப் பற்றி யார் கேட்பார்கள்?

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.பி. ஸ்ரீகுமாரும் ஜி. நிர்மலனும் கேட்டார்கள். இந்திய யானையின் மொத்த மேற்பரப்பைக் கணக்கிடும் அவர்களது ஆய்வு 1990-இல் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. 2002-இல் அதற்குக் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்காக 1991-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பரிசு அது. அப்போது நிர்மலன் உயிரோடு இல்லை.

முறக்காது, தும்பிக்கை, மடிப்பு மடிப்பான தோல். இதையெல்லாம் ஒவ்வொரு யானையிலும் அளந்து முடிகிற காரியமா? இரண்டே அளவு போதும் என்று காட்டினார்கள். தோள் உயரத்தை 6.807-ஆலும், முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை 7.073-ஆலும் பெருக்கிக் கூட்டி, 8.245-ஐக் கழிக்க வேண்டும், அளவுகள் மீட்டரில். தோள் உயரம் 2.5 மீட்டர், பாதச் சுற்றளவு 1.25 மீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 17.6 சதுர மீட்டர். அதாவது 190 சதுர அடித் தோல்!

சிரிப்பு வருகிறதுதான். ஆனால் உடல் சூடு வெளியேறுவது தோல் வழியாக. அதனால் தீனியின் தேவையையும் மருந்தின் அளவையும் எடையை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் பெரிய விலங்குகளில் கணக்கு தப்பிவிடும். 1962-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி விலங்குக்காட்சி சாலையில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. என்ற மனமயக்க மருந்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் சரிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. பூனைக்கான அளவை எடைக்கணக்கில் அப்படியே பெருக்கியது பெரும் பிழை என்று உடலியல் அறிஞர் க்னட் ஷ்மிட்-நீல்சன் பின்னாளில் சுட்டிக்காட்டினார். பிறகு தரப்பட்ட மருந்துகளும் காரணமா என்ற விவாதம் தனி.

ஸ்ரீகுமார் பரிசு பெறுவதற்கு முந்தைய ஆண்டே, 2001-இல், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த சித்தரஞ்சன் ஆண்ட்ரேடும் பி.எஸ். ஸ்ரீஹரியும் இக் நோபல் வாங்கியிருந்தார்கள். 200 பள்ளி மாணவர்களிடம் அவர்கள் விசாரித்தது மூக்கு நோண்டும் பழக்கத்தைப் பற்றி. ஏறக்குறைய எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு முறை என்பது இடைநிலை அளவு. கட்டுக்கடங்காத பழக்கங்களால் அவதிப்படுவோருக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவருக்கு, எதுவரை இயல்பு என்பதைச் சொல்ல இப்படி ஓர் எண் வேண்டியிருக்கிறது.