எழுதும் பலகையும் ஏற்கும் ஏடும்

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் எழுதும் இடமும் காக்கும் இடமும் ஒன்றே. கணினி இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. நாம் எழுதுவது கண்முன் உள்ள உலாவியில். அது நிலைபெறுவதோ தொலைவிலுள்ள வழங்கியில். இடையில் எழுத்துச் சிதையாமல் செல்வது எவ்வாறு? 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவைக் கொண்டு இதனைக் காண்போம்.

வழங்கியும் தொகுப்பியும்

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, பிஎச்பி என்னும் நிரல்மொழியில் அமைந்தது. பக்கத்தை வழங்கியே உருவாக்கி அனுப்புகிறது. திருத்த விழைவோர்க்கு அது தருவது ஓர் எளிய எழுத்துப் பெட்டி. அதில் விக்கிக் குறியீடுகளை அறிந்து எழுதுதல் வேண்டும். அவற்றை அறியாதோர்க்கென 2013 முதல் பரவலாக்கப்பட்டது காட்சித் தொகுப்பி. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட இஃது உலாவியினுள் இயங்குவது; இதில் தடித்த எழுத்துத் தடித்தே தோன்றும்.

எனினும் வழங்கி காப்பது குறியீட்டு உரையையே. எனவே பார்சாய்டு என்னும் மென்பொருள் அதனை எச்டிஎம்எல் வடிவாக்கித் தருகிறது. சேமிக்கும்போது மீண்டும் குறியீடாக்குகிறது. கை படாத பகுதிகளை இயன்றவரை பழைய வடிவிலேயே விட்டுவைக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் தோன்றியது. அரியலூர் 2001இல் அதனின்று பிரிந்து, 2002இல் இணைந்து, 2007இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. இவ்வாண்டுகளுள் ஒன்றைத் திருத்தும் மாணவர், கீழுள்ள அட்டவணையைத் தம்மையறியாமல் குலைத்துவிடலாகாதன்றோ?

கொம்பும் காலும்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றியவர் வீரமாமுனிவர். எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களைத் தெளிவுற வேறுபடுத்திய பெருமையை அவர்க்கு உரித்தாக்குவர். அவ்வெழுத்துகளுக்கு இன்று வேறொரு சிக்கல் நேர்ந்துள்ளது. ஒருங்குறியில் ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒரே குறியாகவும் இடலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒன்றாக்காவிடில், தேடும் சொல் இருந்தும் கிட்டாது போகலாம். மீடியாவிக்கி, உரையை ஏற்கும்போதே இரண்டையும் ஒரே வடிவாக்கிவிடுகிறது.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

தம் கல்லூரிக்கு இணையதளம் அமைக்கும் மாணவர் மூன்றை நினைவிற்கொள்க. முதலாவது, எளிய எழுத்துப் பெட்டியை வழங்கியே அனுப்புதல் வேண்டும். தொகுப்பி அதன்மேல் அமர்தல் வேண்டும். தொகுப்பி இயங்காவிடினும் பெட்டி எஞ்சும். இரண்டாவது, அனுப்புமுன் தொகுப்பியிலுள்ள உரையைப் பெட்டிக்குள் சேர்த்தல் வேண்டும். மறப்பின் எழுதியது முழுதும் வீணாகும். மூன்றாவது, வருவதை வழங்கி மீண்டும் சோதித்தல் வேண்டும். தொகுப்பியைத் தொடாமலே தீய நிரலை அனுப்ப வல்லாரும் உளர்.

கங்கைகொண்ட சோழபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் உலகறிந்தவை. அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களின் ஏரி, தொழில், வழக்குச்சொல் ஆகியவற்றை அவ்வூர் மாணவரே எழுதுதல் வேண்டும். அவர் இரவெல்லாம் எழுதியது ஓரெழுத்தும் மாறாமல் ஏட்டில் ஏறும் என்னும் உறுதி இருந்தாலன்றி, மறுமுறை எழுத அவர்க்கு மனம் வாராது. அவ்வுறுதியைத் தருவதே நல்ல மென்பொருளின் கடன்.