கடல் தாண்டிய சரளி – 11: எட்டடி தள்ளி ஒரு குரு

போன வாரம் தம்புரா ஆப், அதற்கு முந்தின வாரம் மாயாமாளவகௌளை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வாரம் அந்தர காந்தாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் தம்புராவோடு ஒட்டிப் பாடும் காந்தாரத்தை ட்யூனர் ஆப் ஏன் தப்பு என்று சிவப்பு விளக்கு போட்டுக் காட்டுகிறது என்ற விவகாரம். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கணக்கு வந்து வழிமறித்தது. அதைப் போட்டு முடிக்காமல் காந்தாரம் நகர மாட்டேன் என்கிறது. கணக்கு இதுதான்: சென்னை மயிலாப்பூரில் ஒரு பாட்டு டீச்சர் ஆன்லைன் வகுப்பில் 'ஸ' என்று பாடினால், அது அந்தமானின் போர்ட் பிளேரில் இருக்கிற பிள்ளையின் காதில் எப்போது விழும்?

(2024 செப்டம்பரில் அரசு அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் பழைய கதை. 2020 வரை அந்தமானுக்கு இன்டர்நெட் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாகத்தான். செயற்கைக்கோள் என்றால் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. டீச்சர் பாடிய 'ஸ' அவ்வளவு தூரம் மேலே ஏறி, அவ்வளவு தூரம் கீழே இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட கால் செகண்ட் ஆகிவிடும். பிள்ளை திருப்பிப் பாடியது டீச்சர் காதுக்கு வர இன்னொரு கால் செகண்ட்.

கால் செகண்ட் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். சரளி வரிசைக்கு வாருங்கள். ஆதி தாளம், தட்டுக்கு ஒரு செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. அதாவது மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரத்தின் ஆயுள் சரியாகக் கால் செகண்ட். டீச்சர் ரிஷபத்துக்குப் போனபோதுதான் பிள்ளைக்கு ஷட்ஜம் வந்து சேரும். பிள்ளை உடனே பிடித்துக்கொண்டு பாடினாலும், அந்த ஷட்ஜம் டீச்சரை எட்டும்போது அவர் காந்தாரத்தில் நிற்பார். சேர்ந்து பாடினால் இரண்டு ஸ்வரம் இடிக்கும். முதல் காலத்தில் இது சமாளிக்கக்கூடிய இழுவை, மூன்றாம் காலத்தில் சந்தைக்கடை.

இப்போது புதுக் கதை. சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடி ஃபைபர் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று திறப்பு. எல்லாத் தீவுகளுக்குமாகச் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், லாங் ஐலேண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் கிளை போகிறது. 1964-ல் போட்ட சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்திய கச்சால் தீவு இந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்துத் தீவான கமோர்ட்டா வரை வந்த கேபிள் கச்சாலை எட்டவில்லை. அந்த மனக்குறையை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் நேர்கோட்டில் சுமார் 1,365 கிலோமீட்டர். வளைவு நெளிவையும் சேர்த்து 1,500 என்றே வைத்துக்கொண்டாலும், வங்கக் கடலைக் கடக்க ஏழரை மில்லி செகண்ட் போதும். மில்லி செகண்ட் என்பது ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு ராத்தூக்கம் போனது. ஏழரை மில்லி செகண்டில் சாதாரணக் காற்றில் ஒலி எவ்வளவு தூரம் போகும்? இரண்டரை மீட்டர், எட்டடிக்குச் சற்று மேல். எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிற ஒருவர் பாடினால் நம் காதுக்கு வர என்ன தாமதமோ, அதே தாமதம்தான் மயிலாப்பூரிலிருந்து போர்ட் பிளேருக்கும். கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். செயற்கைக்கோள் காலத்தில் இதே டீச்சர், அதே கணக்கில், 270 அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்! பாய் விரித்த கூடத்தில் குருவுக்கு எதிரே உட்காரும் தூரத்துக்குக் கடலைச் சுருட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இதை ஏன் ஒருவரும் திறப்பு விழாவில் சொல்லவில்லை?

சரி, அப்படியானால் இப்போது சேர்ந்து பாட முடியுமா? முடியாது. அதுதான் வேடிக்கை.

போர்ட் பிளேரின் ஹாடோ பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடக்கும் வகுப்பைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பெண். சில்வர் சொம்பில் சாய்த்து வைத்த போன். அம்மாவின் போனில் தம்புரா ஆப், ஐந்தரைக் கட்டை.

"மிஸ், சத்தம் வருதா?"

"வருதும்மா. தம்புராதான் விட்டு விட்டு வருது. ஃபேனை நிறுத்து."

ஃபேன் ஓடவே இல்லை. விஷயம் என்னவென்றால், வீடியோ கால் மென்பொருளுக்கு மனிதப் பேச்சு மட்டுமே சத்தம். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவானாலும் அது ஃபேன், ஏசி, மிக்ஸி வகையறா என்று முடிவுகட்டித் துடைத்துவிடும். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதையே பிறவிப் பயனாகக் கொண்ட வாத்தியம் தம்புரா. ஆகவே அதற்குத்தான் முதல் அடி. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சங்கீதக்காரர்களின் புலம்பல் தாங்காமல் 2020-ல் அதை இன்னும் மேம்படுத்தினார்கள். அதைப் போட்டுவிட்டால் தம்புராவுக்கு உயிர் வந்துவிடும்.

வகுப்புக்கு வருவோம். இரண்டாம் காலம் வரை தகராறு இல்லை. மூன்றாம் காலத்தில் டீச்சர் உற்சாகமாகத் தானும் சேர்ந்து தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தார். திரையில் டீச்சரின் கை கீழே வருவதற்குள் பெண்ணின் கை தொடையில் தட்டிவிட்டது. தான் முந்திவிட்டோமோ என்று அவள் கொஞ்சம் நிதானித்தாள். பெண் பின்தங்குகிறாளே என்று டீச்சர் அங்கே நிதானித்தார். பந்தியில் 'நீங்க முதல்ல உட்காருங்க' என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு இரண்டு பேருமே நிற்பார்களே, அப்படி இரண்டு ஆவர்த்தனத்துக்குள் மூன்றாம் காலம் இரண்டாம் காலமாகத் தேய்ந்துவிட்டது.

கடலில் தாமதம் ஏழரை மில்லி செகண்ட்தானே, மிச்சம் எங்கிருந்து வந்தது? எல்லாம் கரையில். போன் முதலில் ஒலியை 20 மில்லி செகண்ட் துண்டுகளாக நறுக்கிச் சுருக்குகிறது. துண்டுகள் வைஃபையில் முட்டி மோதிப் போகின்றன. சில சமயம் மும்பையிலோ வேறெங்கோ இருக்கும் சர்வரைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. முன்பின்னாக வருகிற துண்டுகளை வரிசைப்படுத்த எதிர்முனை போன் கொஞ்சம் காத்திருக்கிறது. எல்லாம் கூடி ஒரு வழிக்கு 150 மில்லி செகண்ட் சர்வ சாதாரணம். பேச்சுக்கு அதுவரை பாதகமில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த கணக்கு. அந்தப் பெண் காதில் புளூடூத் வேறு மாட்டியிருந்தாள். அது தன் பங்குக்கு இன்னொரு நூறைத் தாராளமாகச் சேர்க்கும். கடலைக் கடக்க ஆன நேரத்தைவிட, சொம்பில் சாய்ந்த போனிலிருந்து காதுக்கு வர ஆன நேரம் பத்து மடங்குக்கு மேல்!

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்று ஒரு பேராசிரியர், செல்லோ வாசிப்பவர். அவரும் கூட்டாளிகளும் 2004-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் சத்தத்தை மற்றவர் ஹெட்போனில் கேட்டபடி சேர்ந்து கைதட்டச் சொன்னார்கள். நடுவே தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். தாமதம் கூடினால் வேகம் குறைந்துகொண்டே போகிறது. அதை ஹாடோவிலேயே பார்த்துவிட்டோம். ஆனால் தாமதம் மிகவும் குறைந்தால்? வேகம் ஏறுகிறது! ஓடவும் ஓடாமல் இழுக்கவும் இழுக்காமல் தாளம் நிற்கிற இடம் 11.5 மில்லி செகண்ட் என்று கண்டார்கள். நம் கணக்கில் சுமார் 13 அடி. ஒட்டி உட்கார்ந்தால் ஓடும், தள்ளி உட்கார்ந்தால் இழுக்கும், நடுவில் ஓரிடத்தில் காலப்பிரமாணம் நிற்கும். பஜனை மடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா போடுகிறவர்கள் ஏன் முடிவில் ரயில் வேகத்துக்குப் போகிறார்கள் என்பதற்கு எனக்கு ஒரு விஞ்ஞான சமாதானம் கிடைத்தது. இதே சேஃப், ஒலியைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் 'ஜாக்ட்ரிப்' என்ற மென்பொருளையும் செய்தார். கொரோனா காலத்தில் மேல்நாட்டுச் சேர்ந்திசைக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதற்கு கம்ப்யூட்டர், வயர் போட்ட இணைப்பு, வயர் போட்ட ஹெட்போன் எல்லாம் வேண்டும். சொம்பில் சாய்த்த போனுக்கு அது சரிப்படாது.

தாளம் என்று வந்ததால் அந்தமானின் சொந்தத் தாளத்தை விட்டுவிட மனமில்லை. அந்தமானியப் பழங்குடிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஆங்கிலேய அதிகாரி எம்.வி. போர்ட்மன், 1888-ல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் அவர்கள் இசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிரேட் அந்தமானியர் ஆட்டத்துக்குத் தாளம் ஒரு மரப்பலகை. கேடயம் போன்ற வடிவம். கூர்முனையைத் தரையில் ஊன்றி, பாட்டைத் தொடங்குகிறவர் அதன் மேல் காலால் மிதித்துத் தட்டுவார். சுற்றி உட்கார்ந்த பெண்கள் தொடையில் தட்டிக்கொண்டு சேர்ந்து பாடுவார்கள். மொத்தக் கூட்டத்துக்கும் காலம் பிடிக்கும் பொறுப்பு ஒரு காலிடம், ஒரு பலகையிடம். தாளம் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் அதற்குக் காது கொடுக்க வேண்டும் என்பதை ஹாடோவுக்குப் பக்கத்துக் காட்டிலேயே தெரிந்துவைத்திருந்தார்கள்.

நான் இத்தனை வாரமாகச் சுற்றிச் சுற்றி வருவதும் அங்கேதான். ஆன்லைன் வகுப்பில் தாளம் டீச்சரிடம் இருக்கக் கூடாது. பிள்ளையிடம் இருக்க வேண்டும். தம்புரா ஆப்பும் பிள்ளையின் அறையில்தான் ஓட வேண்டும். மெட்ரோனோமோ தாள ஆப்போ போட்டாலும் அங்கேதான். டீச்சர் ஒரு வரி பாடிவிட்டு வாயையும் கையையும் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், பிள்ளையின் குரலும் அதன் தட்டும் சுருதியும் ஒன்றாகக் கட்டிய மூட்டையாகவே டீச்சருக்கு வந்து சேரும். மூட்டை லேட்டாக வரலாம், உள்ளே சரக்கு இடம் மாறாது. பிள்ளை தாளத்தில் நிற்கிறதா என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம். சொல்லிக்கொடுப்பதும் திருப்பிச் சொல்வதும் நமக்கு ஒன்றும் புதிதில்லை. பாடாந்தரம் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தது. அதற்கு எந்தத் தாமதமும் உறைக்காது. போனவை இரண்டுதான். ஒன்று, டீச்சர் கூடவே பாடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது. இன்னொன்று, பிள்ளை டீச்சர் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. முதலாவது நஷ்டம். இரண்டாவது லாபம் என்பேன். கூட்டுப் பாட்டு வகுப்பில் இரண்டு வருஷம் வாயசைத்தே கீதம் வரை வந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

அப்புறம், புளூடூத்தைக் கழற்றிவிட்டு இருநூறு ரூபாய் வயர் இயர்போன் மாட்டுங்கள். 1,224 கோடி செலவழித்து மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைக் காதருகே கொட்டிவிடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் போர்ட் பிளேரில் சூரியன் சென்னையைவிடச் சுமார் 50 நிமிஷம் முன்னால் எழுந்துவிடுகிறது. விடியற்காலை சாதகம் என்று டீச்சர் ஐந்தரைக்கு வகுப்பு வைத்தால், மயிலாப்பூரில் லைட் எரியும். ஹாடோவில் பல மாதங்களில் வெயில் ஜன்னலுக்கு வந்திருக்கும். பூபாளத்துக்கு எந்த ஊர் நேரம் செல்லும் என்று வித்வான்கள்தான் சொல்ல வேண்டும்.

காந்தாரத்துக்கு இடமில்லை. அடுத்த வாரம் கட்டாயம். அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். நல்ல தம்புரா ஆப்பைப் பஞ்சமத்தில் வைத்து, வயர் இயர்போனில் கேளுங்கள். ஸ, ப தவிர வேறெதையும் மீட்டாமலே உள்ளே ஒரு காந்தாரம் கேட்கும். அதோடு ஒட்டிப் பாடி, அதே மூச்சில் ட்யூனர் ஆப்பிடம் காட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம். தம்புராவுக்கும் கீபோர்டுக்கும் அந்த ஒரு ஸ்வரத்தில் 14 சென்ட் எல்லைத் தகராறு. பஞ்சாயத்து அடுத்த இதழில்.

(தொடரும்)