இடது கைக்கும் ஒரு சான்ஸ்!

கீபோர்டு வாங்கியாச்சு. சினிமாப் பாட்டும் வாசிச்சாச்சு. அடுத்து? பரோக் இசைதான்!

காயல்பட்டினம் வீட்டு மாடியில் நான் முதலில் கை வைத்தது, ஜெர்மன் மேதை பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' (1741). ரெண்டே வாரத்தில் கீபோர்டு பரணுக்குப் போயிடுச்சு! காரணம் அப்புறம்தான் புரிந்தது. அதில் பல பகுதிகள் ரெண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டவை. ஒரே அடுக்கில் வாசித்தால் கையோடு கை மோதும்.

சினிமாப் பாட்டில் வலது கை பாடும், இடது கை கார்டு பிடிக்கும். பாக்கிடம் ரெண்டு கையுமே பாடணும். அதுதான் சவால், வேகம் இல்லை. ஆகவே, பீஸைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே நேரத்தில் எத்தனை மெட்டு ஓடுகிறது என்று எண்ணுங்கள்.

பாக்கே ஏணி போட்டு வைத்திருக்கிறார். 1723-ல் ரெண்டு மெட்டு ஓடும் 15 'இன்வென்ஷன்', மூன்று மெட்டு ஓடும் 15 'சின்ஃபோனியா'. அதையும் தாண்டினால், 1722-ல் தொகுத்த 'வெல் டெம்பர்டு கிளேவியர்' முதல் புத்தகத்தின் சி மைனர் ஃபியூக். மூன்று மெட்டு, 31 பார்தான்! அந்தப் புத்தகமே நாலு ஆக்டேவுக்குள் அடக்கம். நம்ம 61 கட்டை கீபோர்டு தாராளம்.

நான் இப்போ முதல் இன்வென்ஷனில் இருக்கேன். இடது கை இன்னும் திணறுது. ஆனா, கீபோர்டு பரணிலிருந்து இறங்கிடுச்சு!