செம்பனைக்கு வண்டு, பாசிக்கு மழைநீர்

ஜொகூரில் மழை விட்டதும் ஒரு செம்பனை மரத்தின் அருகே போய்ப் பாருங்கள். வெட்டிய மட்டைகளின் அடியில் மெத்தைபோல் பாசி படர்ந்திருக்கும். அது மரத்தின் சத்தை உறிஞ்சிவிடும் என்று நினைத்துச் சுரண்டி எடுப்பவர்களும் மருந்து அடிப்பவர்களும் உண்டு. அது தேவைதானா? இரண்டும் வாழும் விதத்தை ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

செம்பனை, பூக்கும் தாவரம். ஒரே மரத்தில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் வெவ்வேறு காலத்தில் மாறி மாறி வரும். அதனால், ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போனால்தான் காய் பிடிக்கும். முன்பு பல தோட்டங்களில் தொழிலாளர்களே மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைத் தூவினார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனைச் சேர்ந்த சிறு கூன்வண்டுகள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, நமது ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் முதலில் விடப்பட்டன. ஆண் பூக்களில் முட்டையிட்டுப் பெருகும் இந்த வண்டுகள், பெண் பூவின் மணம் தேடிப் போகும்போது உடலில் ஒட்டிய மகரந்தத்தையும் கொண்டு சேர்க்கின்றன. நம்மவர் கைகள் செய்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது.

பாசிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. மழைநீர் படிந்திருக்கும்போது அதன் ஆண் அணு நீந்திச் சென்று பெண் அணுவைச் சேரும். பிறகு மெல்லிய காம்பின் நுனியில் ஒரு சிமிழ் உருவாகும். அதிலிருந்து வெளிவரும் 'ஸ்போர்' என்னும் நுண்தூள் காற்றில் பறந்து, ஈரமான இடத்தில் புதுப் பாசியாக முளைக்கும்.

உணவு விஷயத்திலும் வேறுபாடு உண்டு. செம்பனை, மண்ணிலிருந்து வேரால் நீரையும் உரத்தையும் எடுத்து, தண்டுக்குள் உள்ள நுண்குழாய்கள் வழியே உச்சிக்கு அனுப்புகிறது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. மழைநீரை இலையாலேயே உறிஞ்சி, வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. செம்பனைத் தண்டுகளில் அடிக்கடி காணப்படும் 'ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம்' என்ற வெளிர்நிறப் பாசி, இலையிலுள்ள வெற்று அறைகளில் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

ஆக, பாசி மரத்தில் குடியிருக்கிறதே தவிர, மரத்தின் சோற்றில் கை வைப்பதில்லை. அதற்கு மருந்து அடிப்பது வீண் செலவு. சிறுதோட்டம் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது அடித்தண்டில் முளைக்கும் கானோடெர்மா காளானைத்தான். தண்டை உள்ளிருந்தே அழுகச் செய்து மரத்தைச் சாய்ப்பது அதுவே.