பேச விஷயம் இருந்தா இங்கிலீஷ் தானா வரும்!

ஸ்கூல் ஆண்டு விழா. மைக் முன்னால் ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி. 'ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட்...' என்று ஆரம்பித்து மூணு நிமிஷம் மூச்சு விடாமல் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுகிறாள். கைத்தட்டல் அள்ளுது! மேடையை விட்டு இறங்கும்போது சிறப்பு விருந்தினர் சிரித்தபடி, 'வெரி குட்! ஹூ டாட் யூ திஸ்?' என்று கேட்கிறார். பொண்ணு திருதிருவென முழிக்கிறாள். டீச்சர் ஓடி வந்து, 'கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்' என்று சமாளிக்கிறார்.

இந்தக் காட்சியைப் பார்க்காத ஆள் நம்மில் யாராவது உண்டா? சில பேருக்கு, அந்த மைக் முன்னால் நின்னதே நாமதான்!

அவள் காட்டியது ஞாபகசக்தி. அதை இங்கிலீஷ் என்று நாம் நம்பிவிட்டோம். பத்து வருஷம் கழித்து கேம்பஸ் இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றதும் அதே பொண்ணு அதே ஸ்பீடில் ஒப்பிப்பாள். மாட்டிக்கொள்வது அடுத்த கேள்வியில்தான்.

அப்போ ஆண்டு விழா, டூர், டிராமா எல்லாம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. இங்கிலீஷ் கத்துக்க இவற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஆனா ஒரு கண்டிஷன். பேசுபவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கணும். கேட்பவருக்கு அந்த விஷயம் தெரியாம இருக்கணும்.

ஏரிக்கரையில் ஒரு கேள்வி

தென்னேரியை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கிற ஊர். தொண்டைமான் இளந்திரையன் வெட்டிய ஏரி என்பதால் 'திரையனேரி', அதுவே மருவி 'தென்னேரி' ஆச்சு என்பார்கள். ஒரு பக்கம் கோயிலும் பட்டுத்தறியுமாகக் காஞ்சிபுரம். இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் முகமே மாறிப்போச்சு. கம்பெனி பஸ் ஊர் வழியாகவே போகுது. அதில் ஏற வேண்டிய பையன் இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தால், குற்றம் அவன் மூளையிலா? பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சும், ஒரு தடவைகூட அந்த மொழியில் அவன் யாருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே வரலை. அதுதான் பிரச்னை.

நம்ம ஊரு ஆராய்ச்சி

இதை ரொம்ப வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் கண்டுபிடித்தார். அதுவும் நம்ம சென்னையில் உட்கார்ந்துகொண்டு! பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கில மொழி அதிகாரியாக இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உட்பட தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது, 'ரிப்பீட் ஆஃப்டர் மீ' கிடையாது. அதற்குப் பதிலாக வேலை! ரயில் டைம் டேபிளைக் கையில் கொடுத்து, 'இத்தனை மணிக்குள் அந்த ஊருக்குப் போகணும், எந்த ரயிலைப் பிடிக்கலாம்?' என்கிற மாதிரி ஒரு கணக்கு. மேப்பைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கிற ஒரு புதிர். முதலில் டீச்சர் பசங்களோடு சேர்ந்து சத்தமாகப் பேசியபடி ஒன்றைச் செய்வார். அப்புறம் அதே மாதிரி இன்னொன்றைப் பசங்களே செய்யணும். விடை சரியா தப்பா என்பதில்தான் எல்லார் கவனமும். அந்த மும்முரத்தில் மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் நம்பிக்கை.

வெளியிலிருந்து வந்து மதிப்பிட்ட பெரெட்டா, டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-ல் எழுதியபோது, முடிவுகள் பெரும்பாலும் சாதகமாகவே இருந்தன. ஒப்பிட்ட முறையில் குறைகள் உண்டு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பிரபு தன் அனுபவத்தை 1987-ல் புத்தகமாகவே எழுதினார். உலகம் முழுக்க இன்று பேசப்படும் 'டாஸ்க்' முறைப் பயிற்சிக்கு முன்னோடிகளில் ஒன்று நம்ம ஊர் வகுப்பறை!

டூர் போகலாம் வாங்க

ரயில் டைம் டேபிளே இவ்வளவு செய்யும்னா, நிஜமான டூர் என்னவெல்லாம் செய்யும்! தென்னேரி ஸ்கூல் பசங்க காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். எத்தனை மணி பஸ், ஆளுக்கு எவ்வளவு காசு, சாப்பாடு எங்கே... இந்தத் திட்டத்தை நாலு நாலு பேராக உட்கார்ந்து இங்கிலீஷில் போடட்டும். தப்பும் தவறுமாகத்தான் வரும். வரட்டும்!

கோயிலில் இன்னொரு விளையாட்டு. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில் அது. ஒரு குழு அதன் வரலாற்றை மட்டும் படித்துவிட்டு வரணும். இன்னொரு குழு பிராகாரத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன சந்நிதிகளைப் பற்றி மட்டும். மூணாவது குழு மணற்கல்லைப் பற்றி மட்டும். இப்போ ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும். இந்த மாதிரி இடைவெளியைத்தான் பிரபு 'இன்ஃபர்மேஷன் கேப்' என்றார்.

2019-ல் அத்திவரதர் 40 வருஷத்துக்குப் பிறகு குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தபோது, காஞ்சிபுரமே கூட்டத்தில் திணறியது. 'ஏன் 40 வருஷம் தண்ணிக்குள்ளே?' என்று வெளி மாநிலத்துக்காரர் கேட்டால், உள்ளூர்ப் பசங்களால் கதையாகச் சொல்ல முடியும். அந்தக் கதைக்கு மூணு விதமான பாஸ்ட் டென்ஸாவது தேவைப்படும். போர்டில் எழுதிப் போட்டால் தூக்கம் வரவைக்கிற அதே பாஸ்ட் டென்ஸ்!

தறிக்குழியிலிருந்து ஒரு பாடம்

பொங்கல் கொண்டாட்டத்துக்கு 'பொங்கல் இஸ் எ ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்' என்று ஒரே கட்டுரையை அம்பது பேரும் எழுதுவது வழக்கம். அதை விட்டுவிட்டு, 'உங்க வீட்டுத் தொழிலை இங்கிலீஷில் செஞ்சு காட்டு' என்று சொல்லிப் பாருங்கள்.

நெசவாளர் வீட்டுப் பையன் கோர்வையைப் பற்றிச் சொல்லுவான். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூணு நாடா வைத்து, பக்கத்தில் ஒரு துணை ஆளோடு, இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. காஞ்சிப் பட்டு 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றதில் இந்த வேலைப்பாட்டுக்கும் பங்கு உண்டு. பாவு, ஊடை, ஜரிகை இதெல்லாம் டீச்சருக்கே இங்கிலீஷில் சட்டென்று வராது. இங்கேதான் சுவாரஸ்யமே! பையனுக்குத் தொழில் தெரியும், டீச்சருக்கு மொழி தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவார்கள். முதல் தடவையாக வகுப்பறையில் அந்தப் பையன் 'தெரிஞ்சவன்' ஆகிறான். பயம் விலகுது. பயமும் கூச்சமும் மொழி உள்ளே நுழைய விடாமல் தடுக்கிற வடிகட்டி மாதிரி என்று ஸ்டீபன் கிராஷென் 1980-களில் எழுதினாரே, அந்த வடிகட்டி கழன்று விழுகிற இடம் இதுதான்.

கட்டியங்காரன் இருக்க பயமேன்?

சரி, மேடைக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் 2022-23-ல் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறது. பறை, கரகம், வில்லுப்பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. 2022 நவம்பரில் அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா புத்தகக் கண்காட்சி வரைக்கும் போய் வந்தார்கள். வாய்ப்புக் கதவு திறந்தாச்சு. அதை இங்கிலீஷுக்கும் எப்படிப் பயன்படுத்துவது?

விடை நம்ம தெருக்கூத்திலேயே இருக்கு. கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருத்தர் வருவார். ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று கிண்டலடிப்பவர். ராஜா இங்கிலீஷில் பேசட்டும். கட்டியங்காரன் அதைத் தமிழில் ஏடாகூடமாகப் புரிந்துகொள்ளட்டும். ராஜா கோபப்பட்டு, வேற வார்த்தை போட்டு மறுபடி விளக்கட்டும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரே விஷயத்தை மூணு விதமாகச் சொல்லும் பயிற்சி ராஜாவுக்கு ஓசியில் கிடைக்கும். வசனத்தைப் பசங்களே எழுதினால் இன்னும் விசேஷம்.

கூத்தை மட்டமா நினைக்காதீங்க. திருவண்ணாமலை மாவட்டம் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தனிடம் பாரிஸின் புகழ்பெற்ற 'தியேட்டர் து சோலெய்' நடிகர்கள் கூத்துக் கற்றுக்கொண்டு, 2016-ல் அரங்கேறிய தங்கள் நாடகத்தில் ஆடினார்கள். பாஷை தெரியாத பிரெஞ்சுக்காரர்களுக்கே நம்ம கூத்து வரும்போது, நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் வராதா?

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பையன் ஒருத்தரை நினைத்துப் பாருங்கள். நாடகம் எழுதினார், தானே வேஷம் கட்டி நடித்தார். 1962-ல் மாநிலங்களவையில் இங்கிலீஷில் பேசினார். 1968-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு சப் ஃபெலோவாகப் போனார். அறிஞர் அண்ணாதான்! மேடையும் மொழியும் அவருக்கு வேற வேற இல்லை.

உங்க பங்கு என்ன?

நீங்க என்.எஸ்.எஸ்-ல் இருக்கீங்களா? ஏழு நாள் கேம்ப் உங்களுக்காகவே காத்திருக்கு. கிராமத்துப் பள்ளியில் தங்கும்போது விழிப்புணர்வு ஊர்வலம் முடிந்ததும் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

* முதல் ரெண்டு நாள்: ஏரி, கோயில், தறி... ஊரைச் சுத்திக் காட்டச் சொல்லுங்க. பசங்கதான் கைடு, நீங்க விருந்தாளி. உங்களுக்கு நிஜமாவே தெரியாத கேள்வியைக் கேளுங்க.
* அடுத்த மூணு நாள்: பார்த்ததை வைத்து கட்டியங்காரன் நாடகம் தயார் பண்ணுங்க.
* ஆறாம் நாள்: ஒத்திகை. நடுவில் புகுந்து தப்பைத் திருத்தாதீங்க. முடிஞ்ச பிறகு ரெண்டே ரெண்டு தப்பை மட்டும் சொல்லுங்க.
* ஏழாம் நாள்: ஊர் முன்னால் மேடை. நாடகம் முடிஞ்சதும் பார்வையாளர் கேள்வி கேட்கலாம் என்று அறிவிங்க. மனப்பாடம் அங்கே செல்லாது!

இன்னொரு ரகசியம். இதில் உங்களுக்கும் லாபம். ஏழாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயத்தை எளிய இங்கிலீஷில் ஏழு நாள் பேசிப் பழகியவருக்கு, இன்டர்வியூவின் ரெண்டாவது கேள்வி பெரிய மேட்டரே இல்லை.

கேம்ப் லிஸ்ட்டில் பேர் கொடுத்தாச்சா பாஸ்?