ஒரே பெயர், இரண்டு வைத்தியம்: பிள்ளைகளின் குடல் அழற்சி நோய்

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாணவர்களே, ‘குடல்வால் அழற்சி’ வேறு, ‘குடல் அழற்சி நோய்’ வேறு. முன்னது பெரும்பாலும் ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடிந்துவிடும். பின்னது ஆண்டுக்கணக்கில் தணிவதும் மறுபடி கிளம்புவதுமாக இருக்கும். கருத்துணர்தலில் இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

இந்நோயில் இரு முக்கிய வகைகள் உண்டு. குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். பெருங்குடல் புண் அழற்சி பெருங்குடலோடு நின்றுவிடும். வைத்தியம் பிரிவது இங்கேதான்.

குரோன் நோய் வந்த பிள்ளைக்கு ஐரோப்பிய வழிகாட்டிகள் பெரும்பாலும் முதலில் சொல்வது மாத்திரை அல்ல, சத்துப்பால்! ஆறு முதல் எட்டு வாரம் சோறு, ரொட்டி, மீ எதுவும் கிடையாது. மருத்துவர் கொடுக்கும் பால் மட்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் அழற்சியை அடக்கும். ஆனால் நாள்பட்டால் முகம் உப்பும், எலும்பு பலவீனப்படும், பிள்ளையின் உயரம் குறையும். அப்படியிருந்தும் வட அமெரிக்காவில் நெடுங்காலம் ஸ்டீராய்டுதான் முந்திக்கொண்டது. எட்டு வாரம் பிள்ளையைப் பாலிலேயே வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா, என்ன?

பெருங்குடல் புண் அழற்சிக்கு இந்தப் பால் வைத்தியம் பலன் தராது. அதற்கு மெசலசின் மாத்திரை, நோய் கடுமையானால் ஸ்டீராய்டு. ஆகவே, “அவன் பால் குடிச்சே நல்லாயிட்டான், நீயும் குடி” என்று சொல்வது தவறு.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், காசநோய். குடலில் வரும் காசநோய் பார்வைக்குக் குரோன் நோய் போலவே இருக்கும். ஆளை மாற்றி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். “இன்னும் ஏன் சார் மருந்து ஆரம்பிக்கல?” என்று பெற்றோர் உங்களிடம் கேட்டால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இது அரிய நோய்தான். ஆனாலும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வில் மூவினத்தாரில் இந்தியரிடமே அதிகம் காணப்பட்டது. சுங்கை புரோங் போன்ற இடங்களிலிருந்து கோலாலம்பூரில் உள்ள சிறப்பு மருத்துவரைப் பார்த்து வர ஒரு நாள் போய்விடும். அந்த விடுப்பை மட்டம் போடுவதாக எண்ண வேண்டாம்.

ஆசிரியர்களே, பாடத்தின் நடுவே கழிவறைக்குக் கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். பால் வைத்தியத்தில் இருக்கும் பிள்ளையிடம், “ஒரு வாய் நாசி லெமாக்தானே” என்று நீட்டாதீர்கள். ஸ்டீராய்டை வீட்டார் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எஸ்.பி.எம். எழுதுபவராக இருந்தால், கழிவறைக்குப் பக்கத்து அறையில் இடம் கேட்டு, மருத்துவர் கடிதத்துடன் பள்ளியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.